ஓடாமல் நிற்கப் பழகுதல்

கரண்ட் எங்கள் வேலையில்லை.
கரண்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வேலை.
நான் கூட்டுகிறவள்,
இஸ்மத் காக்கா பெயின்ற் அடிக்கிறவர்,
குலமணி ஏணி தூக்குகிறவன்,
கப்பல்துறையிலிருந்து மூட்டை ஏற்ற வரும் பெடியள் ஆறு பேர்.
சீனக்குடா ஆலையில் எங்கெல்லாம் தூசு படியுமோ
அங்கெல்லாம் எங்களுக்குச் சம்பளம்.

கச்சேரியடியில் மானொன்று நடுறோட்டில் நின்றுவிட்டதால்
பஸ் பிந்தி, நானும் பிந்தி,
பின்வரிசையில்தான் இடம்.

நிமேஷிகா மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
டெஸ்டரால் கம்பியைத் தொடுவதுபோல
ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும்
தொட்டுப் பார்த்துப் பேசினாள்.
"ஓஃப் எண்டு ஆரோ சொன்னது ஓஃப் இல்ல.
பூட்டுப் போட்டு, சாவி உங்கட பொக்கெற்றில இருந்தா
அதுதான் ஓஃப்."
ஈரத்துணி வேண்டாம்.
அலுமினிய ஏணி வேண்டாம்.
நிலத்தில் சிவப்புக் கோடு:
இதற்கு அப்பால் தும்புத்தடியின் நுனியும் போகக்கூடாது.
"உறுமாத நாய்" என்றார் இஸ்மத் காக்கா
பெட்டியைப் பார்த்து.
அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பிறகு பொம்மை வந்தது.
சீமெந்துப் பையில் மரத்தூள் அடைத்து
ஸ்டோரில் கிடந்த ஓவரோலை மாட்டியிருந்தார்கள்.
நெஞ்சில் நூலால் பெயர்: தவசீலன்.
தவசீலன் கட்டாருக்குப் போய் ரெண்டு வருசம்;
அவனுடைய ஓவரோல் இன்னும் இங்கே வேலை செய்கிறது.
பெடியள் சிரித்தார்கள். ஒருவன் மீசை கீறினான்.

விசில்.
பெட்டியில் கை ஒட்டியபடி தவசீலன் சரிந்தான்.
குலமணி பாய்ந்து தோளைப் பிடித்தான்.
இஸ்மத் காக்கா குலமணியின் இடுப்பை.
நான் காக்காவின் சட்டையை.
யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
கை தானாய்ப் போனது.

மறுபடி விசில்.
அவள் சோக்கால் எங்களைச் சுற்றி நிலத்தில் கீறி
எண்ணினாள்:
"இப்ப நாலு பேர்."
மீசை கீறியவன் தலையைக் குனிந்தான்.

"அப்ப என்ன செய்யிறது மிஸ்?"
"முதல்ல நில்லுங்க."

நில்லுங்க.
அந்தச் சொல்லை அவள் சரியாகத்தான் சொன்னாள்,
எனக்குத்தான் தொண்டை அடைத்தது.
எங்கள் ஊரில் நின்றவர்களுக்கு மன்னிப்பில்லை.
பதினொரு வயதில், சந்தைக்கு முன்னால்,
ஒருவரை வாகனத்துக்குள் இழுத்தார்கள்.
எல்லோரும் நின்றார்கள்.
நானும் நின்றேன்,
கையில் அரைக் கிலோ கத்தரிக்காய்.
அணைக்க ஒரு சுவிட்ச்
அன்றைக்கு எங்கேயும் இருக்கவில்லை.

"இந்த அக்கா செய்யட்டும்" என்றாள்.

தவசீலன் மறுபடி சரிந்தான்.
கால் விரல்கள் செருப்பைக் கவ்வின.
நின்றேன்.
கண்ணால் மட்டும் ஓடினேன்: பெட்டி, வயர், சுவர்,
சிவப்புப் பிடி.
இழுத்தேன்.
மேலே விசிறி சோர்ந்து சோர்ந்து நின்றது.
காய்ந்த பலகையால் அவன் கையைத் தட்டிவிட்டேன்.
அதற்குப் பிறகுதான் ஓடினேன்.
அதற்குப் பிறகுதான் தொட்டேன்.

"பதினாலு செக்கன். நல்லம்" என்றாள்.
நான் தவசீலனின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
தையல் விட்டு மரத்தூள் கொட்டியது.
"போதும் அக்கா."
இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.
"அக்கா, போதும்."

பேப்பரில் கையெழுத்து வைத்தோம்.
ஒரு மாலுபாண், ஒரு பிளேன்ரீ.
தவசீலனை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்கள்.
ஒரு கை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க
குலமணி அதை மெதுவாக உள்ளே எடுத்துவிட்டான்.

நாலு மணிக்கு அந்த அறையைக் கூட்டினேன்.
சிவப்புக் கோட்டுக்கு அப்பால்
ஒரு முழம் அளவு தூசு.
ஏழு வருசமாக நாளாந்தம் நான் கூட்டிய இடம்.
இருக்கட்டும்.